மேன் பேஜை அச்சடிக்க: திரையை விடுங்கள், மூலத்தைப் பிடியுங்கள்

டெர்மினலில் தெரியும் மேன் பேஜை (யுனிக்ஸ், லினக்ஸ் கட்டளைகளின் கையேட்டுப் பக்கத்தை) மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, ஒரு ஆவணத்தில் ஒட்டி, அப்படியே பிரிண்ட் கொடுப்பவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். வெளிவரும் தாளில் வரிகள் பாதியில் முறிந்திருக்கும். தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் தொலைந்திருக்கும். பக்க எண் இருக்காது. தட்டச்சு செய்யவேண்டிய சொல் எது, நாமாக நிரப்பவேண்டிய இடம் எது என்று மேன் பேஜ் காட்டுவதே அந்தத் தடிப்பிலும் சாய்விலும்தான். அவை போய்விட்டால் மிஞ்சுவது அரைகுறைக் கையேடு.

இத்தனை சிரமம் தேவையே இல்லை, ஏனென்றால் மேன் பேஜ் அச்சுக்காகவே பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யுனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. தாளில் வந்த கையேடு அது. பிறகு பெல் லேப்ஸில் ஜோ ஒஸ்ஸான்னா ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்துக்காக டீராஃப் என்ற ஆவணம் கோக்கும் நிரலை எழுதினார். அதன் வழிவந்ததுதான் ஜேம்ஸ் கிளார்க் 1990இல் வெளியிட்ட ஜீராஃப். லினக்ஸில் நீங்கள் மேன் என்று தட்டும் ஒவ்வொரு முறையும் பின்னணியில் பெரும்பாலும் ஓடுவது இந்த ஜீராஃப்தான். நாம் பார்க்கும் 80 எழுத்து அகலத் திரை அதன் பல வெளியீடுகளில் ஒன்று, அவ்வளவே. அதே மூலக்கோப்பிலிருந்து டைம்ஸ் எழுத்துருவில், தலைப்பும் அடிக்குறிப்பும் பக்க எண்ணும் கொண்ட ஆவணத்தை நேரடியாகவே எடுக்கலாம்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஓரெழுத்து ஆப்ஷனுக்கு நீளப் பெயர் இருந்தால், குழப்பம் வராமல் இருக்க நீளப் பெயரையே கொடுத்திருக்கிறேன்.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் மேன் கட்டளையைத் தருவது மேன்-டிபி. அதில் ஒரே வரி போதும் (கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பக்கம் இங்கே எடுத்துக்காட்டு):

மேன் --டிராஃப்-டிவைஸ்=பிடிஎஃப் எல்எஸ் > எல்எஸ்.பிடிஎஃப்

முடிவில் உள்ள > குறியை மறந்தால் பிடிஎஃப்பின் உள்ளடக்கம் முழுவதும் குப்பையெழுத்தாகத் திரையில் கொட்டும். பெயர் ஒன்றே ஆனாலும் கையேட்டில் பிரிவு வேறாக இருக்கும் பக்கங்களுக்குப் பிரிவு எண்ணையும் சேருங்கள். பிரிண்ட்எஃப் என்று மட்டும் கொடுத்தால் ஷெல் கட்டளையின் பக்கம் வரும். சி மொழிச் செயற்கூற்றின் பக்கம் வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் 3 சேர்க்க வேண்டும்.

டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த வரி முதல் முயற்சியிலேயே தோற்பது வழக்கம். அங்கே இயல்பாக நிறுவப்படுவது ஜீராஃப்-பேஸ் என்ற சுருக்கப்பட்ட பேக்கேஜ். அதில் திரைக்கான வெளியீடுகளும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பழைய அச்சு வடிவமும் மட்டுமே உண்டு. பிடிஎஃப் உருவாக்கும் குரோபிடிஎஃப் இல்லை. ஆகவே பிடிஎஃப் என்ற சாதனமே தெரியாது என்று பிழை வரும். ஜீராஃப் என்ற முழு பேக்கேஜை நிறுவினால் சரியாகிவிடும். நிறுவும் அனுமதி இல்லாத கணினி என்றால் பழைய பாதை இருக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்டைப் பிடிஎஃப் ஆக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தால் போதும்:

மேன் --டிராஃப் எல்எஸ் | பிஎஸ்2பிடிஎஃப் - எல்எஸ்.பிடிஎஃப்

இரண்டு பாதையும் திறந்திருந்தால் முதலாவதையே எடுங்கள். ஜீராஃப் 1.23 (2023இல் வந்தது) அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் பிரிவுத் தலைப்புகள் பிடிஎஃப் புக்மார்க்குகளாகவும் கிடைக்கும். நீளமான பக்கத்துக்கு இது பெரிய உதவி.

அடுத்த வேலை தாள் அளவு. நம் ஊர் பிரிண்டரில் இருப்பது ஏ4, அதாவது 210 × 297 மிமீ. ஜீராஃப் சரியாக அமைக்கப்படாவிட்டால் அமெரிக்க லெட்டர் அளவில், அதாவது 215.9 × 279.4 மிமீயில் கோக்கும். அதை ஏ4இல் அடிக்கும்போது பிரிண்டர் தானாகவே சுருக்கும், அல்லது பக்கத்தின் அடியில் வீணான வெள்ளைப் பட்டை விழும். கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டாம். பிடிஎஃப்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள்: பக்க அளவு 595 × 842 புள்ளி (ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) என்று வந்தால் ஏ4, 612 × 792 என்று வந்தால் லெட்டர். டெபியன் வகைகளில் ஈடிசி அடைவிலுள்ள பேப்பர்சைஸ் கோப்பில் ஏ4 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு முறைக்கு மட்டும் மாற்றவேண்டுமென்றால் ஜீராஃபுக்கு இரண்டு ஆப்ஷன்கள் சேர்ந்தே போகவேண்டும். ஒன்று -டிபேப்பர்=ஏ4 (முதல் எழுத்து டிஃபைன் என்பதன் சிறிய எழுத்து). மற்றொன்று -பி-பிஏ4 (முதல் பி பெரியது, இரண்டாவது சிறியது). முன்னது உரையைக் கோக்கும் நிரலுக்கு, பின்னது வெளியீட்டை எழுதும் நிரலுக்கு. ஒன்றை மட்டும் கொடுத்தால் உரை ஏ4 கணக்கிலும் தாள் லெட்டர் கணக்கிலும் ஆகி, கடைசி வரி வெட்டுப்படும்.

மேன் கட்டளையிடமிருந்து இவற்றை ஜீராஃபுக்குக் கடத்த மேன்ராஃப்ஆப்ட் என்ற சூழல் மாறி இருக்கிறது (பெயர் முழுவதும் பெரிய எழுத்தில்). அதில் எதை வைத்தாலும் மேன்-டிபி அதைக் கோக்கும் நிரலின் வரியில் சேர்த்துவிடும். எழுத்தளவை மாற்றுவதும் இதன் வழியாகத்தான்: -ஆர்எஸ்11 (எஸ் மட்டும் பெரியது) என்றால் 11 புள்ளி. 10, 11, 12 என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இயல்பான 10 புள்ளி மேசையில் வைத்துப் படிக்கச் சற்றுச் சிறியது. 11 நன்றாக இருக்கும்.

இனி அச்சில் கண்ணுக்குத் தப்பி, பிறகு உயிரை வாங்கும் சிக்கல் ஒன்று. பிடிஎஃப்பிலிருந்து ஒரு கட்டளையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுகிறீர்கள். அப்படி ஒரு ஆப்ஷனே இல்லை என்கிறது கணினி. எழுத்துகள் எல்லாம் சரியாகவே தெரிகின்றன. மாறியிருப்பது குறிகள். மேன் பேஜ் மூலத்தில் ஆப்ஷன் கோட்டைப் பின்சாய்கோடு சேர்த்து \- என்று எழுதுவது முறை. போஸ்ட்ஸ்கிரிப்ட் பாதையில் இது கணிதக் கழித்தல் குறியாக (யூனிகோட் 2212) மாறுகிறது. தாளில் அது விசைப்பலகைக் கோட்டைவிட நீளமாக, அழகாகத் தெரியும். ஷெல்லுக்கோ அது முன்பின் தெரியாத எழுத்து. விசைப்பலகையில் உள்ள கோட்டின் ஆஸ்கி எண் 45. மேற்கோள் குறிக்கும் இதே கதிதான். மூலத்தில் உள்ள நேரான ' குறி அச்சில் வளைந்த ’ ஆகும். பின்மேற்கோள் ` குறி ‘ ஆகும். வீட்டு அடைவைக் குறிக்கும் ~ சுருங்கி, எழுத்தின் தலைக்கு மேல் போடும் சிறு நெளிகோடாக வரும். ^ குறியும் அப்படியே. இந்த நான்கும் அச்சிலேயே தவறு. ஆக், செட் போன்ற உரையைக் கையாளும் கட்டளைகளின் பக்கத்தைத் தாளில் பார்த்துத் தட்டுபவருக்கு எது நேர்க்குறி, எது வளைகுறி என்று தெரியாமல் போகும்.

தீர்வு மேன்.லோக்கல் என்ற கோப்பில் இருக்கிறது. டெபியனில் அது ஈடிசி அடைவில் ஜீராஃப் என்ற துணை அடைவுக்குள் கிடக்கும். ஒரு எழுத்தை இன்னொன்றாக வரையச் சொல்லும் ராஃப் (மேன் பேஜ் எழுதப்படும் மொழி) ஆணை, புள்ளியில் தொடங்கும் .சார் என்பது (கேரக்டர் என்பதன் முதல் நான்கு எழுத்துகள்). ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரி: ' குறிக்கு எதிரே \[ஏக்யூ], ` குறிக்கு எதிரே \[ஜிஏ], ^ குறிக்கு எதிரே \[எச்ஏ], ~ குறிக்கு எதிரே \[டிஐ]. கழித்தலுக்கு, \- என்பதன் எதிரே \என்'45' (என் பெரியது). இதைச் சேர்த்தால் ஆங்கிலச் சொற்களின் நடுவே வரும் மேற்கோளும் நேராகிவிடும். தொழில்நுட்ப ஆவணத்தில் அழகைவிடச் சரியான குறிதான் முக்கியம் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிடிஎஃப்பை நேரடியாக எழுதும் பாதையில் கழித்தல் குறிச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனாலும் நூறு பக்கம் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு ஆப்ஷனை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

சொல் பிரிப்பும் இதே வகைத் தொல்லைதான். வரி முடிவில் ஜீராஃப் சொல்லை உடைத்து ஒரு சிறுகோடு போடும். ஏற்கெனவே கோடுகளால் இணைந்த ஆப்ஷன் பெயர் அந்த இடத்தில் உடைந்தால், கோடு பெயரில் உள்ளதா, உடைத்ததால் வந்ததா என்று தாளில் கண்டுபிடிக்க முடியாது. மேன்-டிபியில் --நோ-ஹைஃபனேஷன் என்று கொடுத்தால் உடைப்பது நிற்கும். கூடவே --நோ-ஜஸ்டிஃபிகேஷன் என்பதையும் கொடுங்கள். இல்லையென்றால் உடைக்க முடியாத வரிகளில் சொற்களுக்கிடையே பெரிய பெரிய இடைவெளி விழும். கையேட்டுக்கு வலது ஓரம் நேராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

திரையில் ஒழுங்காக நிற்கும் படம் தாளில் சரிந்து கிடப்பது அடுத்த குறை. கோடு, கூட்டல் குறி, இடைவெளி ஆகியவற்றால் வரைந்த பெட்டிப்படங்களும், இடைவெளிவிட்டு நேர்ப்படுத்திய பத்திகளும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. டெர்மினலில் அது உண்மை. டைம்ஸ் எழுத்துருவில் ஐக்கும் எம்முக்கும் அகலம் வேறு. எழுதியவர் அந்தப் பகுதிக்குச் சம அகல எழுத்துருவைக் குறிப்பிட்டிருந்தால் தப்பிக்கும். பல பக்கங்களில் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பக்கத்தை மட்டும் முழுவதும் கூரியரில் கோத்துவிடுவதே நல்லது: ஜீராஃபுக்கு -எஃப்சி (எஃப் சிறியது, சி பெரியது). தாள் கூடும், படம் பிழைக்கும்.

கூரியரில் அகலக் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 10 புள்ளிக் கூரியரில் ஒரு எழுத்தின் அகலம் 6 புள்ளி. ஜீராஃபின் இயல்பான வரி நீளம் 6.5 அங்குலம், அதாவது 468 புள்ளி. உடல் உரையின் உள்தள்ளல் 36 புள்ளி. மீதி 432 புள்ளியில் 72 எழுத்து அடங்கும். ஆகவே மாதிரி நிரலில் 80 எழுத்து வரி இருந்தால் அது வலது ஓரத்தைத் தாண்டும். பட்டியலுக்குள் இன்னொரு படி உள்தள்ளி இருந்தால் 66லேயே தாண்டும். கோக்கும்போது வரியை உடைக்க முடியவில்லை, நேர்ப்படுத்த முடியவில்லை என்ற எச்சரிக்கைகள் வந்தால் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். அவை குறிப்பிடும் வரி எண்ணில் எதுவோ ஓரம் தாண்டுகிறது. -ஆர்எல்எல்=17சி (இரண்டு எல்லும் பெரியவை) என்று வரி நீளத்தை 17 செமீ ஆக்கலாம், ஆனால் கிடைப்பது இரண்டு எழுத்துதான். அந்த ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் அடிப்பது எளிது.

மேன் கட்டளையை விட்டுவிட்டு ஜீராஃபை நேரடியாக ஓட்டவேண்டி வருவது பல பக்கங்களை ஒரே நூலாகக் கோக்கும்போதுதான். மேன் --வேர் என்று கேட்டால் மூலக்கோப்பு இருக்கும் இடம் வரும். பெரும்பாலும் ஜிஸிப் சுருக்கத்தில் இருக்கும், இசட்கேட் கொண்டு விரித்து ஜீராஃபுக்கு பைப் செய்யலாம். மேக்ரோவுக்கு (பக்கத்தின் நடையைக் கோக்கும் ஆணைத்தொகுப்பு) -எம்மேன்டாக் கொடுங்கள். பழைய மேன் நடையா, பிஎஸ்டி உலகின் எம்டாக் நடையா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பெரிய சி சேர்த்து -ஆர்சி1 என்றால் பக்க எண் ஒவ்வொரு கட்டளைக்கும் 1இல் தொடங்காமல் தொடர்ச்சியாக ஓடும். இருபக்க அச்சுக்கு -ஆர்டி1 (டபுள் என்பதன் முதல் எழுத்து, பெரியது) கொடுத்தால் ஒற்றை, இரட்டைப் பக்கங்களின் அடிக்குறிப்புகள் இடம் மாறி அமையும்.

நேரடி ஓட்டத்தில் இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது அட்டவணை. சிக்னல் என்ற 7ஆம் பிரிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிக்னல்களின் பட்டியல் டிபிஎல் என்ற முன்செயலிக்காக எழுதப்பட்டிருக்கிறது. கோப்பின் முதல் வரிக் குறிப்பைப் பார்த்து மேன் தானாகவே அந்த முன்செயலியை ஓட்டுகிறது. ஜீராஃப் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. டேபிள் என்பதன் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தில் ஆப்ஷனாகக் கொடுக்காவிட்டால் சிக்னல் பெயர், செயல், விளக்கம் எல்லாம் ஒரே பத்தியாகக் குழம்பி ஓடும். பக்கம் எதுவானாலும் அந்த ஆப்ஷனைச் சேர்த்தே ஓட்டுங்கள். அட்டவணை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. இரண்டாவது வெற்றுப்பக்கம். எஃப்பிரிண்ட்எஃப்பின் மூலக்கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே வரி: பிரிண்ட்எஃப் பக்கத்தை இழுத்துக்கொள் என்ற .எஸ்ஓ ஆணை. அது சொல்லும் பெயரில் சுருக்கப்படாத கோப்பு இல்லாததால் ஜீராஃப் கைவிரிக்கும். அந்த வரி காட்டும் உண்மையான கோப்பை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

கோக்க உட்காரும் முன் செய்யவேண்டிய ஒரு சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மூலக்கோப்பின் முதல் இருபது வரிகளைப் படியுங்கள். பல மேன் பேஜ்கள் இன்று கையால் எழுதப்படுவதில்லை. வேறு எதிலிருந்தோ உருவாக்கப்பட்டவை, அதை முதல் வரிகளின் குறிப்பே சொல்லிவிடும். டாக்புக் என்று இருந்தால், பாட் என்று இருந்தால், ஹெல்ப்2மேன் என்று இருந்தால், அச்சுக்கு ஏற்ற மூலம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. கிட்டின் பக்கங்கள் ஆஸ்கிடாக்கில் எழுதப்படுகின்றன. டெபியனில் கிட்-டாக் பேக்கேஜை நிறுவினால் எச்டிஎம்எல் வடிவம் அப்படியே கிடைக்கும். பெர்ல் பக்கங்கள் பாட் வடிவத்திலிருந்து வருபவை. எல்எஸ், சிபி, எம்வி போன்ற குனு கட்டளைகளின் பக்கங்கள் --ஹெல்ப் தரும் சுருக்கத்திலிருந்து ஹெல்ப்2மேன் உருவாக்குபவை. அவற்றின் முழு விளக்கம் டெக்ஸ்இன்ஃபோவில் எழுதிய கோர்யூட்டில்ஸ் கையேட்டில் இருக்கிறது. குனு கட்டளைகளைத் தாளில் வைத்துப் படிக்க விரும்புபவர்கள் அந்தக் கையேட்டின் பிடிஎஃப்பை எடுப்பதே சரி. மேன் பேஜை அச்சடிப்பது தாளுக்குப் பிடித்த கேடு. கர்னல் அழைப்புகளும் சி நூலகமும் வேண்டுமென்றால் லினக்ஸ் மேன்-பேஜஸ் திட்டமே எல்லாப் பக்கங்களையும் புக்மார்க்குகளுடன் ஒரே பிடிஎஃப் நூலாக வெளியிடுகிறது.

மேக் பயன்படுத்துபவர்களுக்குப் பாதை வேறு. 2022இல் வந்த வென்சுரா முதல் அங்கே ஜீராஃப் இல்லை, மேன்டாக் என்ற வேறு நிரல்தான். மேக்கின் பிரிவியூ செயலியும் அந்தப் பதிப்பிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைத் திறப்பதில்லை. இணையத்தில் பரவிக்கிடக்கும் பழைய ஒருவரிக் குறிப்புகள் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். மேன்டாக்குக்குப் பெரிய டி ஆப்ஷனில் பிடிஎஃப், பெரிய ஓ ஆப்ஷனில் பேப்பர்=ஏ4 கொடுத்து, மூலக்கோப்பின் பாதையையும் கொடுத்தால் போதும். பேப்பர் சொல்லாவிட்டால் லெட்டர் அளவுதான் வரும்.

தமிழில் விளக்கம் சேர்த்து அச்சடிக்க நினைப்பவர்கள் ஜீராஃபில் முட்டி மோத வேண்டாம். அதன் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. க என்று எழுதினால் யூ0பி95 என்ற எழுத்து கிடைக்கவில்லை என்று எச்சரித்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிடும். எழுத்துருவைச் சேர்த்தாலும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் முன்னே வந்து அமரும் எழுத்துச் சேர்க்கை அதற்குத் தெரியாது. இங்கே எச்டிஎம்எல் பாதைதான் சரி. ஜீராஃபின் எச்டிஎம்எல் வெளியீடு அட்டவணைகளைப் படங்களாக்கிவிடும், ஆகவே அதையும் தவிர்த்து மேன்டாக்கில் எச்டிஎம்எல் எடுங்கள். சுத்தமான தலைப்பு, பத்தி, அட்டவணைக் குறிகளுடன் வரும். அதில் உங்கள் தமிழ்ப் பத்திகளைச் சேர்த்து உலாவியிலிருந்து அச்சடிக்கலாம், அல்லது வீஸிபிரிண்ட் கொண்டு பிடிஎஃப் ஆக்கலாம். இரண்டிலும் தமிழ் எழுத்து உருக்குலையாது. சிஎஸ்எஸ்ஸில் அச்சுக்கான பகுதியில் தலைப்புக்குப் பின் பக்கம் முறியக்கூடாது என்ற விதியைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆப்ஷன் பெயர் ஒரு பக்கத்தின் அடியிலும் விளக்கம் மறுபக்கத்திலும் விழும்.

வெறும் டெக்ஸ்ட் போதும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. கோப்புக்குத் திருப்பும் முன் மேன்விட்த் மாறியை (பெயர் முழுவதும் பெரிய எழுத்தில்) 80 என்று வையுங்கள். வைக்காவிட்டால் உங்கள் டெர்மினல் 200 எழுத்து அகலமாக இருக்கும்போது கோப்பும் அதே அகலத்தில் வந்துவிடலாம். 10 புள்ளிக் கூரியரில் 80 எழுத்து என்றால் 480 புள்ளி, கிட்டத்தட்ட 169 மிமீ. ஏ4இல் இருபுறமும் 2 செமீ ஓரம் விட்டால் கச்சிதமாக அடங்கும். அச்சுக்கு அனுப்பும் எல்பி கட்டளையில் சிபிஐ=12 (அங்குலத்துக்கு 12 எழுத்து) என்ற ஆப்ஷன் தருவது இந்த அடர்த்திதான். கோப்பில் எழுத்துகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் பழைய பேக்ஸ்பேஸ் முறைத் தடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கால் -பி என்ற கட்டளை வழியாக ஓட்டினால் போய்விடும்.

நீளமான பக்கத்தைக் கையடக்க நூலாக மடிக்க விரும்பினால் 12 புள்ளியில் கோத்துத் தொடங்குங்கள். ஏ4இல் இரண்டு பக்கம் அருகருகே வரும்போது எழுத்து 0.707 மடங்காகச் சுருங்கும்: 12 புள்ளி எட்டரை ஆகும், 10 புள்ளியோ 7 ஆகிப் படிக்கவே முடியாது. போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளியீட்டை முதலில் பிஎஸ்புக், அடுத்து பிஎஸ்னப் -2 வழியாக அனுப்புங்கள். பிஎஸ்புக் பக்கங்களை மடிப்பு வரிசைக்கு மாற்றி, எண்ணிக்கை நான்கின் மடங்காக இல்லாவிட்டால் வெற்றுப்பக்கம் சேர்க்கும். 40 பக்கம் என்றால் 10 தாள். அதற்கு மேல் போனால் நடுத்தாள்கள் வெளியே துருத்தும், ஆகவே -எஸ்16 கொடுத்து நான்கு நான்கு தாள்களாகப் பிரித்து மடித்துத் தையுங்கள். அச்சடிக்கும்போது இருபக்க அமைப்பில் குறுகிய விளிம்பில் திருப்பு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீள விளிம்பை விட்டுவைத்தால் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தலைகீழாக வரும். முதல் தாளை மட்டும் அடித்து மடித்துப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.